அமெரிக்காவில் துப்பாக்கிக் காயம்: எமர்ஜென்சி வாசலில் தெரிவதும் தெரியாததும்

அமெரிக்கா வந்த புதிதில் பயமுறுத்துவது பள்ளிக்கூடத்தில் சுட்டான், மாலில் சுட்டான் என்ற செய்திகள்தான். எமர்ஜென்சிக்கு வரும் துப்பாக்கிக் காயங்களில் அவை மிகச் சொற்பம். வருகிறவர்களில் பெரும்பாலோர் இளவயது ஆண்கள். இரவிலும் வார இறுதியிலும் எண்ணிக்கை ஏறும். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4 ராத்திரி, பலத்த காயங்களைப் பார்க்கும் டிராமா (trauma) டீமுக்குத் தூக்கம் கிடையாது.

பிழைத்து வருகிறவர்களுக்குக் கை, காலில்தான் குண்டு அதிகம் பாய்ந்திருக்கும். தற்கொலைக்கு முயன்றவர்களை அங்கே அதிகம் பார்க்க முடியாது. துப்பாக்கியால் முயல்கிறவர்களில் ஏறத்தாழ 10க்கு 9 பேர் பிழைப்பதில்லை. நாட்டின் துப்பாக்கிச் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள் என்பது ஆஸ்பத்திரிக் கணக்கில் தெரியாமல் போவது இதனால்தான்.

விபத்துகளில் அடிக்கடி நடப்பது இது: மேகசினை (குண்டுகள் அடுக்கிய பெட்டி) கழற்றியாயிற்று, இனி காலி என்று நினைத்துத் துடைப்பார்கள். சுடத் தயாராகக் குண்டு நிற்கும் சேம்பரில் ஒன்று உட்கார்ந்திருக்கும். விசையில் விரல் பட்டால் உள்ளங்கையோ தொடையோ போச்சு. தற்காலிக விசாவில் இருப்பவர்களை, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருக்கவே சட்டம் விடாது. ஆனால் பிள்ளை விளையாடப் போகும் வீட்டில் இருக்கலாம். வேர்க்கடலை அலர்ஜியைச் சொல்வதுபோல இதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: துப்பாக்கி இருக்கிறதா, குண்டை எடுத்துவிட்டுப் பூட்டி வைத்திருக்கிறீர்களா, குண்டு தனியாகப் பூட்டியிருக்கிறதா?

யாருக்காவது குண்டு பட்டால், முதலில் பாதுகாப்பான இடத்துக்கு நகர்ந்து 911ஐ அழையுங்கள். முகவரியை முதலில் சொல்லுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழ்" என்றால் போதும், மொழிபெயர்ப்பாளரை இணைக்கப் பார்ப்பார்கள். கை, காலில் ரத்தம் பீறிட்டால் டூர்னிகேயை (ரத்த ஓட்டத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) காயத்துக்கு 2–3 அங்குலம் மேலே, மூட்டைத் தவிர்த்து, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்துவையுங்கள். அலறுகிறாரே என்று பாதியில் விட்டால் சிரை மட்டும் அடைபடும், தமனி ஓடிக்கொண்டே இருக்கும். ரத்தப்போக்கு முன்னைவிட மோசமாகும். தொடை இடுக்கு, அக்குளில் டூர்னிகே கட்ட முடியாது. சுத்தமான துணியைக் காயத்துக்குள் திணித்து, உடம்பின் பாரத்தை வைத்து அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று எட்டிப் பார்க்க எடுக்காதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் வந்தால் பதற வேண்டாம். துப்பாக்கிக் காயத்தைப் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் சட்டம் உண்டு. பாதுகாப்புக்காக நோயாளியை மாற்றுப் பெயரில் பதிவதும் உண்டு. வரவேற்பில் "அப்படி யாரும் இல்லை" என்றால் ஆஸ்பத்திரியின் சோஷியல் வொர்க்கரைக் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் இல்லையென்று எமர்ஜென்சியிலிருந்து திருப்பி அனுப்ப 1986ஆம் ஆண்டு அவசரச் சிகிச்சைச் சட்டம் (EMTALA) இடம் தராது. பில் பிறகு வரும், அது வேறு கதை.

குண்டை உள்ளேயே விட்டு அனுப்பினால் அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். தோண்டி எடுப்பது பல சமயம் கூடுதல் சேதம். மூட்டுக்குள் தங்கியது வேறு. அங்குள்ள திரவத்தில் ஈயம் கரையும் என்பதால் எடுத்துவிடுவார்கள். எம்.ஆர்.ஐ.க்குப் போகும்போது குண்டு இருப்பதைச் சொல்லுங்கள். போலீஸ் ரிப்போர்ட் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள்; குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கான மாநில நஷ்டஈட்டு நிதிக்கு விண்ணப்பிக்கும்போது பெரும்பாலும் அதைக் கேட்பார்கள்.