கனகாவா அலையில் காசிமேட்டு போட்டு

தடைக்காலத்தில் காசிமேட்டுப் பக்கம் குடியிருப்பவர்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்து படம் வரையக் கூடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், லாஞ்சு எதுவும் கடலுக்குப் போகாது. வலை சரிசெய்வது, பலகை மாற்றுவது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். மத்தியானத்துக்கு மேல், கடலைப் பற்றிக் கரைத்துக் குடித்த அத்தனை ஆண்களும் கரையில் சும்மா இருப்பார்கள். அந்த நேரம் பார்த்து நான் ஹொகுசாயின் அலையை வரைய உட்கார்ந்தேன்.

ஹொகுசாய் என்ற ஜப்பான் ஓவியர் யார் என்று தெரியாவிட்டாலும், கனகாவா அலை என்கிற அந்தப் படம் எல்லோருக்கும் தெரியும். டீ-ஷர்ட், போன் கவர், காபி கப், எதில் பார்த்தாலும் இருக்கும். நகத்தை நீட்டிக்கொண்டு எழுந்து நிற்கிற நீல அலை, அதன் அடியில் மூன்று படகு, தூரத்தில் இத்துனூண்டு ஃபூஜி மலை. 1831 வாக்கில், எழுபது வயதில் மனுஷன் செய்தது.

பாரிமுனையில் கணக்கு எழுதிப் பிழைக்கிற எனக்கு லீவு நாள் பொழுதுபோக்கு இதுதான். பிடித்த ஓவியர் ஒருவரை எடுத்துக்கொண்டு, அவருடைய படத்தை வடசென்னைக்குக் குடியேற்றிவிடுவது. இதற்கு முன்னால் வான்கோவைக் கூட்டிவந்திருந்தேன். 1889 ஜூனில், சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது, விடிவதற்கு முன் ஜன்னல் வழியே பார்த்த வானத்தை வைத்து அவர் வரைந்த நட்சத்திர இரவு. கீழே தெரிகிற ஊர் அந்த ஜன்னலில் தெரிந்தது இல்லை, அவராகச் சேர்த்துக்கொண்டது. அவர் சேர்க்கலாம் என்றால் நான் மாற்றலாம் என்று, சர்ச் கோபுரம் இருந்த இடத்தில் மின்ட் என்கிற எங்கள் தங்கசாலையின் மணிக்கூண்டை நிறுத்தினேன். வானத்துச் சுழிகளை மட்டும் அப்படியே விட்டுவிட்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்துபோய்க் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எதிர்வீட்டு அத்தை படத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "எத்தினியாம் நம்பர் கூண்டு ஏத்திக்கிறாங்க?" புயல் சுழல்வதை டி.வி.யில் பார்த்துப் பார்த்துப் பழகிய கண். மேலே இருக்கிற பெரிய சுழி புயல், பக்கத்துச் சுழி காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், கீழே மாட்டிக்கொண்டு முழிப்பது மின்ட் என்று அவரே விளக்கமும் சொல்லி முடித்தார். அதிலிருந்து எனக்கும் அது வானிலை ஆய்வு மையத்துப் படமாகத்தான் தெரிகிறது.

அம்மாவுக்கு உலகத்தில் ஓவியர் என்றால் ரவி வர்மா ஒருவர்தான். 1894-ல் பம்பாயில் அச்சகம் வைத்து லட்சுமியையும் சரஸ்வதியையும் கலர் கலராக அடித்து வீடு வீடாகச் சேர்த்தவர் ஆயிற்றே. எங்கள் பூஜை அலமாரியில் இருப்பதும் அந்த லட்சுமியின் கொள்ளுப்பேத்திதான். "வரையறதுதான் வரையற, ஒரு லட்சுமி வரைஞ்சா வீட்டுக்காவது ஆவும்" என்பது அம்மாவின் நிரந்தரக் கோரிக்கை. நானும் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறேன். நான் மனித முகம் வரைந்தால் தெருவில் யாராவது ஒருவருடைய ஜாடை தானாக வந்து உட்கார்ந்துவிடும். லட்சுமியில் எந்த அக்காவின் ஜாடை வருமோ, அப்புறம் அவர் வீட்டுக்காரருக்கு யார் பதில் சொல்வது?

அலை என்றால் இந்த வம்பு இல்லை என்று நினைத்துத்தான் இறங்கினேன்.

மூன்றடிக்கு இரண்டடி கேன்வாஸ். தண்ணீர் டேங்க் மேல் சாய்த்து வைத்து, பென்சிலில் கட்டம் போட்டேன். கருவாடு காயவைக்க வந்த அத்தை நின்று பார்த்துவிட்டு, "யாருக்குப்பா ஜாதகம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். சரி, போகட்டும். பிரஷ்யன் புளூவைப் பிதுக்கித் தண்ணீர் விட்டுக் குழைக்க ஆரம்பித்தபோது ஆட்கள் ஒவ்வொருவராக மேலே ஏறி வந்தார்கள்.

முதலில் வந்தவர் கீழ்வீட்டுத் தாத்தா. கட்டுமரத்தில் தொடங்கி ஃபைபர் வரைக்கும் ஓட்டிவிட்டு இப்போது கால்வலியோடு ஓய்வில் இருப்பவர். என் கேன்வாஸை அவர் பார்க்கவே இல்லை. பக்கத்தில் செங்கல் வைத்து நிறுத்தியிருந்த பிரின்ட்-அவுட்டை எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்குக்கு அருகே கொண்டுபோய் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்த ஆளு கடலுக்குப் போயிக்கிறான்" என்றார்.

"எப்படி தாத்தா சொல்றீங்க?"

கட்டைவிரல் நகத்தால் நடுப்படகைத் தொட்டுக் காட்டினார். அதில் ஆட்கள் எல்லாம் குனிந்து, துடுப்பைக் கட்டிக்கொண்டு, படகோடு படகாக ஒட்டிக் கிடக்கிறார்கள். மொட்டைத்தலைகள் வரிசையாகத் தெரியும், அவ்வளவுதான். "அலை தலைக்கு மேல வந்தா எவனும் அலையப் பாக்கமாட்டான். பாரு, ஒருத்தன் நிமிந்துகிறானா? சினிமாக்காரனா இருந்தா எல்லாரையும் எழுப்பி நிக்கவெச்சிக் கத்த வுட்டிருப்பான்." எத்தனையோ கலை விமர்சனம் படித்திருக்கிறேன். அந்தத் தலைகளை இப்படி யாரும் எனக்குக் காட்டியதில்லை.

அவை மீன் ஏற்றுகிற வேகப் படகுகள், படகுக்கு எட்டுப் பேர் துடுப்புப் போடுவார்கள், பிடித்த மீனை வாடாமல் எடோ நகரத்து மார்க்கெட்டில் சேர்ப்பதுதான் வேலை, எடோதான் இன்றைய டோக்கியோ என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அதற்குள் லாஞ்சு டிரைவர் அண்ணனும் வந்து சேர்ந்திருந்தார்.

"இன்னா மீனு?"

"சூரை மாதிரி மீனுதான், அண்ணே."

"சூரைக்கா இவ்ளோ ரிஸ்க்கு? வஞ்சிரம்னா ஒரு நாயம் கீது."

பருவத்தின் முதல் சூரைக்கு எடோக்காரர்கள் கண்மண் தெரியாமல் காசு கொடுப்பார்கள் என்று சொன்னேன். அது மட்டும் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. தடை முடிந்து முதல் லாஞ்சு வருகிற அன்றைக்குக் காசிமேட்டு ஏலத்தில் நின்று பார்த்தவருக்கு எடோ விளங்காமல் போகுமா?

நடுவில் ஒரு பொடியன் போனில் தேடிப் பார்த்து, "அண்ணா, இந்த அலை ஜப்பான் ஆயிரம் ரூபா நோட்டுலயே கீது" என்று கூவினான். 2024-ல் வெளிவந்த ஆயிரம் யென் நோட்டின் பின்பக்கம் அச்சாகியிருப்பது இந்த அலைதான். டிரைவர் அண்ணன் அசரவில்லை. "நம்ம ஆயிரம் ரூவா நோட்டு செல்லாதுன்னு எப்பவோ சொல்லிட்டாங்கடா. பாத்து ஏமாந்துடப் போற."

அம்மா காபி கொண்டுவந்தார். படத்தைப் பார்த்தார், காபியைக் கீழே வைக்காமலே, "சுனாமிப் படமா? இத வூட்டுல மாட்டக் கூடாது" என்றார். இது சுனாமி இல்லை, புயல் நேரத்து அலை போலத்தான் படம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள் என்று நான் ஆரம்பிப்பதற்குள் தாத்தா குறுக்கே வந்தார். "சுனாமி இப்டி நிக்காதும்மா. அன்னிக்கி நான் கடல்ல இருந்தேன். உள்ள ஒண்ணுமே தெரியல. வலைய இஸ்துகினு சாதாரணமா திரும்பினா, இங்க கரை கரையா இல்ல." 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கொஞ்ச நேரம் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. அம்மா மட்டும், "எதுவா இருந்தாலும் ஹால்ல மாட்டாத" என்று தீர்ப்பை மாற்றாமல் இறங்கிப் போனார்.

அடுத்து வந்தவர் போட்டு பெயிண்டர். லாஞ்சுகளுக்கு எனாமல் அடித்து, பேரும் ரிஜிஸ்டர் நம்பரும் எழுதிக் கொடுக்கிறவர். என்னை ஒரு தொழில்காரனாக அவர் எண்ணுவதில்லை, தண்ணீரில் கரைகிற பெயிண்டில் வரைவதால். பிரின்ட்-அவுட்டையும் கேன்வாஸையும் மாறி மாறிப் பார்த்தார்.

"காப்பியா?"

கோபம் வந்தது. வான்கோவே 1887-ல் ஹிரோஷிகேவின் ஜப்பான் படங்களைப் பார்த்து வரைந்தவர். கட்டம் போட்டு அவர் எடுத்த டிரேசிங் இன்னும் ஆம்ஸ்டர்டாம் மியூசியத்தில் இருக்கிறது. சான் ரெமியில் இருந்தபோது மிய்யே என்ற பிரெஞ்சு ஓவியரின் கறுப்பு வெள்ளை அச்சுகளை முன்னால் வைத்துக்கொண்டு இருபது படம் போலக் கலரில் வரைந்து தள்ளினார் என்று பொரிந்தேன். "சரி சரி" என்றார். அடுத்ததாக, ஹொகுசாய் கையால் வரைந்த தாள் இன்று உலகத்தில் எங்கேயும் இல்லை, அதை மரப்பலகையில் கவிழ்த்து ஒட்டி, அதன் மேலேயே செதுக்கிவிடுவார்கள், தாள் அதோடு போச்சு, நாம் பார்ப்பதெல்லாம் அந்தப் பலகையில் அச்சடித்த பிரதிகள், அந்தக் காலத்தில் இரண்டு கிண்ணம் நூடுல்ஸ் விலைக்கு விற்றார்களாம் என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "அப்ப நம்ம ஸ்டென்சில் மாதிரி." அதோடு ஹொகுசாய் அவருக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டார். என்னைத்தான் இன்னும் சேர்த்துக்கொள்ளவில்லை.

இதற்கெல்லாம் நடுவே நானும் வரைந்துகொண்டுதான் இருந்தேன். மூன்று படகுகளையும் ஃபைபர் போட்டுகளாக மாற்றி, பின்னால் இன்ஜின் வைத்தேன். இவ்வளவு பெரிய அலையில் ஃபைபரை எடுத்துக்கொண்டு எவன் போவான், லாஞ்சைப் போடு என்றார் டிரைவர். லாஞ்சு போட்டால் அதன் கேபின் மலையை மறைக்கும் என்றேன். "எந்த மலை?" என்றார்.

அங்கேதான் சண்டை ஆரம்பித்தது. ஃபூஜி இருந்த இடத்தில் நான் வைக்க நினைத்தது கொடுங்கையூர் குப்பைமேடு. 340 ஏக்கர் பரப்பு, வடசென்னைக்கு வாய்த்த ஒரே மலை. உச்சியில் பனிக்குப் பதில் வெள்ளைப் பிளாஸ்டிக் பை. இப்போது பயோமைனிங் என்று அதையும் குடைந்து எடுக்கிறார்கள், படத்திலாவது ஒன்று நிற்கட்டுமே. எனக்கே ரொம்பப் பிடித்துப்போன யோசனை.

தாத்தாவுக்குப் பிடிக்கவில்லை. "கடல்லேந்து பாத்தா கொடுங்கையூர் எங்கப்பா தெரியும்? எண்ணூர் புகைபோக்கி வை." டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை. வடக்கேயிருந்து வருகிறவனுக்குத்தான் புகைபோக்கி, மற்றபடி ஹார்பர் கிரேன் தெரிந்தால்தான் வீடு வந்த மாதிரி என்றார். பெயிண்டர், ராயபுரம் சர்ச் வைக்கலாம், பார்க்க லட்சணமாக இருக்கும் என்றார். குப்பையைப் படத்தில் வேறு வரையணுமா என்று கீழேயிருந்து அம்மாவின் குரல். கலைஞனுக்குச் சுதந்திரம் வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான். குப்பைமேட்டையே வைத்தேன். தாத்தாவின் மனசுக்காக அதன் பக்கத்தில் ஒரு புகைபோக்கியும் நிறுத்தினேன், சிவப்பும் வெள்ளையுமாக. மெய்யாகவே அந்தச் சிவப்பு இல்லாவிட்டால் அத்தனை நீலத்துக்கும் உயிரே இருந்திருக்காது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அப்புறம்தான் பேர் எழுதுகிற கட்டம். பேர் இல்லாத போட்டைக் காசிமேட்டில் எவனும் மதிக்க மாட்டான். டிரைவர் தன் லாஞ்சின் பேரையே நடுப்போட்டுக்கு எழுதச் சொன்னார். அதைக் கேட்டதும் பக்கத்துத் தெரு ஃபைபர்காரர் முன்போட்டைப் பிடித்துக்கொண்டார். கடலுக்கே போகாத டீக்கடை அண்ணன் மூன்றாவதில் தன் பேத்தி பேரை எழுத முடியுமா என்று கேட்டு, ஒரு டீயும் இலவசமாக அனுப்பினார். பெயிண்டரே பிரஷை வாங்கி எழுதிக்கொடுத்தார். எழுத்துக்கு நிழல் கட்டி, அத்தனை அழகு. என் அலையைவிட அந்த எழுத்து நன்றாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்காமலே சொன்னார்கள்.

துணி எடுக்க டிரைவர் வீட்டு அக்கா மாடிக்கு வந்தார். படத்தைப் பார்த்தார். பேரைப் படித்தார். மேலே அலையைப் பார்த்தார். திரும்ப ஒரு முறை பேரைப் படித்தார்.

"தடை முடிஞ்சி மொத நாளு போவப் போற போட்ட, இவ்ளோ பெரிய அலைக்கு அடியில எய்தி வெச்சிகினு, அதுக்கு சிரிப்பு வேறயா?"

டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. "தம்பி, அழிச்சிடு." ஃபைபர்காரருக்கு யார் போய்ச் சொன்னார்களோ, கால் மணி நேரத்தில் மூச்சிரைக்க மாடி ஏறி வந்து, தன் போட்டு பேர் அழிகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றார். டீக்கடை அண்ணன் போன் செய்தார். பேத்தி பேரை உடனே எடுக்க வேண்டுமாம். டீக்குக் காசு கேட்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை.

மூன்று போட்டும் மறுபடி அனாதையாகின. நமக்குப் பாக்கி தர வேண்டிய மீன் வியாபாரி பேரைப் போடலாம் என்று ஒருவர் சொன்னதற்குப் பலத்த ஆதரவு இருந்தது. தாத்தாதான் முடித்துவைத்தார். "ஜப்பான்காரன் போட்டாவே இருக்கட்டும் வுடு. இருநூறு வருசமா அதுக்கு அடியிலதான கீறான், அவனுக்குப் பழக்கம்."

இருட்டுகிற நேரம், பெயிண்டர் தவிர எல்லோரும் இறங்கிப் போன பிறகு, டிரைவர் மட்டும் திரும்பி வந்தார். லாஞ்சு கேபின் பின்பக்கம் சும்மா இருக்கிறதாம், அங்கே இதே படம் வேண்டுமாம்.

"இதே படமா? அக்கா திட்டுவாங்களே, அண்ணே."

"இதே படம்தான். அலைய மட்டும் சின்னதாக்கிடு. போட்ட பெருசாக்கு. மலை கீற எடத்துல ஒரு வஞ்சிரம். மேல எல்லையம்மன்."

"அப்புறம் அதுல ஹொகுசாய் எங்க இருப்பாரு?"

யோசித்தார். "அவரு பேர கீய சின்னதா போட்டுக்கலாம். பாவம், பெரிய மனுசன்."

பிரஷ் கழுவிக்கொண்டிருந்த பெயிண்டர் தலையை நிமிர்த்தவில்லை. "எனாமல்லதான் போடணும், இவரு பெயிண்ட் ஒரு மழைக்குத் தாங்காது. நான் போட்டுத் தரேன். ஜப்பான்காரர் பேருக்கு ஸ்டென்சில் வெட்டணும்னா எழுத்துக்குத் தனி ரேட்டு."