ஹேர்லன்: சுரங்கத்தை நிறைத்த தண்ணீர் வீட்டைச் சூடாக்கும் ஊர்

நெதர்லாந்தின் தென்கோடியில், ஜெர்மனி எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது ஹேர்லன். நிலக்கரி ஊர் என்று இன்று பார்த்துச் சொல்லிவிட முடியாது. ரயில் நிலையத்துக்கு வடக்கே, அரசுப் புள்ளியியல் அலுவலகத்தை ஒட்டி ஒரு பழைய கோபுரக் கட்டடம் தனியாக நிற்கும். ஒராஞ்சே-நசாவ் முதல் சுரங்கத்தில் தரைக்கு மேலே மிச்சம் அவ்வளவுதான். தரைக்குக் கீழே மிச்சம் நிறைய இருக்கிறது. இந்த ஊரைப் புரிந்துகொள்ள அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

தண்ணீரோடு மல்லுக்கட்டியபடிதான் இங்கே சுரங்கமே பிறந்தது. கரிப்படுகைக்கு மேலே நீர் ஊறிய மணல் அடுக்குகள். சாதாரணமாகக் குழி வெட்டினால் மணலும் தண்ணீரும் சேர்ந்து உள்ளே சரிந்துவிடும். ஜெர்மனியிலிருந்து வந்த ஹோனிக்மன் குடும்பத்தார் குழியை வெட்டவில்லை, துளைத்தார்கள். துளை முழுக்கக் கனமான களிமண் குழம்பை நிரப்பி, அந்த அழுத்தத்தாலேயே பக்கச் சுவரைத் தாங்கவைத்து, அதற்குள்ளேயே துளைத்துக்கொண்டு இறங்கினார்கள். இன்றைக்கு எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதுவேதான். 1896-இல் ரயில் பாதை வந்தது, 1899-இல் கரி வெளியே வந்தது. அப்போது ஆறாயிரம் பேர் இருந்த ஊர், அறுபது ஆண்டுகளில் பத்து மடங்குக்கு மேல் பெருத்தது. வட்டாரத்தில் மொத்தம் 12 பெரிய சுரங்கங்கள். நான்கு அரசுடையவை, எட்டு தனியாருடையவை.

முடிவு ஒரே நாளில் அறிவிக்கப்பட்டது. 1959-இல் வடக்கே க்ரோனிங்கன் மாநிலத்தில் பிரம்மாண்டமான எரிவாயுப் படுகை கிடைத்த பிறகு, ஆழத்திலிருந்து ஆள் வைத்து எடுக்கும் கரி விலைபோகவில்லை. 1965 டிசம்பர் 17 அன்று பொருளாதார அமைச்சர் யோப் டென் உய்ல் ஹேர்லன் நாடக அரங்கத்துக்கே வந்து, சுரங்கங்கள் மூடப்படும், மாற்று வேலை தரப்படும் என்றார். 1974 டிசம்பர் 31-இல் ஒராஞ்சே-நசாவ் முதல் சுரங்கம் மூடியதோடு நாட்டிலேயே நிலக்கரி எடுப்பது நின்றது. மாற்று வேலை வந்தது, ஆனால் போதவில்லை. புள்ளியியல் அலுவலகமும் ஓய்வூதிய நிறுவனமும் கொண்டுவந்தவை மேசை வேலைகள். இருபது ஆண்டுகள் சுரங்கத்துக்குள் கரி வெட்டியவருக்கு அவற்றால் என்ன பயன்? வேலையும் போய், நுரையீரலில் தூசியும் தங்கியவர்கள் ஏராளம். 1976-இல் ஊர் நடுவே இருந்த ‘நெட்டை யான்’, ‘நெட்டை லீஸ்’ என்ற இரு புகைபோக்கிகளையும் தகர்த்தார்கள். ஊர் தன் கரிக் கறையைக் கழுவிக்கொள்ள அவ்வளவு அவசரப்பட்டது. நம் பார்வையில் அது பெரிய தவறு. அந்த வெறுமையில் வளர்ந்த தலைமுறை எண்பதுகளில் போதைப்பொருளிடம் சிக்கியது. ரயில் நிலையப் பகுதி பல ஆண்டுகள் அதற்கே பெயர் பெற்றிருந்தது.

இனி தண்ணீர் விஷயம். சுரங்கம் இயங்கும்வரை இரவும் பகலும் பம்பு ஓடியாக வேண்டும். எல்லைக்கு அப்பால் ஜெர்மன் சுரங்கங்கள் இன்னும் இயங்கியதால், இந்தப் பக்கம் மூடிய பிறகும் இறைப்பு தொடர்ந்து 1994-இல்தான் நின்றது. அதன்பின் பாதைகள் மெல்ல மெல்ல நிறைந்தன. ஆழம் போகப் போகப் பூமி சூடு; 700 மீட்டர் ஆழத்தில் தண்ணீர் ஏறத்தாழ 28 டிகிரி, 250 மீட்டரில் 16 டிகிரி. முன்னது குளிர்காலத்தில் கட்டடங்களைச் சூடாக்க, பின்னது கோடையில் குளிர்விக்க.

ஆழ்துளை போடுவதிலேயே ஒரு நுட்பம் உண்டு. கரி எடுத்த இடங்களில் கூரை இடிந்து மூடிக்கிடக்கும், தண்ணீர் தாராளமாக வராது. கெட்டிப் பாறையில் குடைந்த போக்குவரத்துப் பாதைகள்தான் திறந்திருக்கும். சில மீட்டர் அகலமே உள்ள அந்தப் பாதையை, பழைய சுரங்க வரைபடத்தை வைத்து, மேலிருந்து 700 மீட்டர் துளைத்துத் தொட வேண்டும். வரைபடத்தில் சிறு பிழை இருந்தாலும் துளை வீண்.

மேலே வந்த தண்ணீர் நேராக வீட்டுக்குப் போவதில்லை. அதில் உப்பும் இரும்பும் இருக்கிறது. காற்று பட்டால் இரும்பு துருவாகப் படிந்து குழாயையும் வெப்பமாற்றித் தகடுகளையும் அடைத்துவிடும். ஆகவே தண்ணீரை எடுக்கும் கிணற்றிலிருந்து திருப்பி விடும் கிணறு வரை காற்றே புகாமல், அழுத்தம் குறையாமல் ஓட்ட வேண்டும். தகட்டு வெப்பமாற்றி சூட்டை மட்டும் சுத்தமான தண்ணீருக்கு மாற்றிவிடும். பிறகு கட்டடத்திலுள்ள வெப்ப பம்பு அதை 40 டிகிரிக்குப் பக்கத்தில் ஏற்றி, தரைக்கடியில் ஓடும் குழாய்களுக்கு அனுப்பும். குளிக்கும் தண்ணீருக்கு 60 டிகிரி வேண்டும், இல்லாவிட்டால் லெஜியோனெல்லா கிருமி வளரும். அதற்குத் தனியாக இன்னொரு சிறு வெப்ப பம்பு. சுவரும் சன்னலும் சூட்டைப் பிடித்துவைக்காத பழைய வீட்டில் இது எடுபடாது.

எங்கே பிசகும்? திரும்பி வரும் தண்ணீரில். ஆயிரம் லிட்டர் தண்ணீர் 28-லிருந்து 18 டிகிரிக்குக் குளிர்ந்தால் சுமார் 11.6 யூனிட் சூடு கிடைக்கும். வால்வு சரியாக வைக்காமல் 25 டிகிரியிலேயே திருப்பி அனுப்பினால் மூன்றரை யூனிட்தான். அதே சூட்டுக்கு மூன்று மடங்குக்கு மேல் தண்ணீர் இறைக்க வேண்டும். லாபமெல்லாம் பம்பு மின்சாரத்திலேயே போய்விடும்.

2008-இல் தொடங்கிய முதல் அமைப்பில் இதைவிடப் பெரிய குறை இருந்தது. சூட்டை எடுத்துக்கொண்டே இருந்தது, திருப்பி வைக்கவில்லை. பாறை வழியாகச் சூடு ஊறி வர நீண்ட காலம் பிடிக்கும்; கரியைப் போலவே இதுவும் தீர்ந்துபோகும். அதைப் புரிந்துகொண்டு 2013 முதல் சுரங்கத்தைச் சேமிப்புக் கிடங்காக மாற்றினார்கள். கணினி மையத்தைக் குளிர்விக்கும்போது வெளிவரும் சூடு முதலில் பக்கத்துக் கல்லூரிக் கட்டடத்துக்குப் போகும், மிஞ்சியது சுரங்கத்துக்குள் போகும். குளிர்காலத்தில் மறுபடி மேலே வரும். ஹேர்லனைப் பார்த்து வேலை தொடங்கும் மற்ற ஊர்கள் முதலில் கற்க வேண்டியது இந்த இரண்டாவது வடிவத்தைத்தான்.

தண்ணீர் ஏறுவதில் ஆபத்தும் உண்டு. கரி எடுத்த காலத்தில் இறங்கிய தரை, இப்போது சில சென்டிமீட்டர் அளவில் எழும்புகிறது. 2011 டிசம்பரில் ஊர் நடுவே ஒரு வணிக வளாகத்தின் நிலத்தடி வாகன நிறுத்தத்தில் தூண்கள் இறங்கத் தொடங்கின. கடைகளைக் காலி செய்து, ஒரு பகுதியை இடித்தார்கள். கீழே விட்ட வெற்றிடம் பல பத்தாண்டுகளாக மெல்ல மேலேறும். அதற்கு மேலுள்ள மணல் கீழே வடியும். கடைசியில் அஸ்திவாரம் அந்தரத்தில் நிற்கும். அந்த இடத்தில் கரி எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் விரிசல் தெரிந்தது.

பக்கத்து ஊர் லான்ட்கிராஃபில், வில்ஹெல்மினா சுரங்கத்தின் கழிவுக் கல்மேடு இப்போது குன்று. அதன் முதுகில் உள்ளரங்கப் பனிச்சறுக்கு நிலையம். பக்கவாட்டில் 508 படிகள். உடற்பயிற்சிக்கு ஏறி இறங்குகிறவர்கள் உண்டு. மழை பெய்து மண் கரைந்த இடங்களில் குனிந்து பார்த்தால் கருஞ்சாம்பல் நிறக் களிப்பாறைத் துண்டுகள் கிடக்கும். கையில் எடுத்தால் தகடு தகடாக உரியும். நூறு ஆண்டுக்கு முன்னால் கரியோடு மேலே வந்து, பொறுக்கி எறியப்பட்ட கல் அது.