ஒரே ஒரு சனிக்கிழமை பிட்ச்சர்

மே 15, வியாழன்
1912-இல் இதே தேதி, நியூயார்க் ஹில்டாப் பார்க் மைதானத்தில் ஒரு பேஸ்பால் ஆட்டம். டெட்ராய்ட் டைகர்ஸ் அணியின் டை காப், கேலரியிலிருந்து தன்னை ஓயாமல் திட்டிக்கொண்டிருந்த கிளாட் லூக்கர் மேல் பாய்ந்து அடித்தார். லூக்கர் விபத்தில் ஒரு கையையும், மற்றக் கையில் சில விரல்களையும் இழந்தவர். அவருக்குக் கை இல்லை என்று பக்கத்திலிருந்தவர்கள் கத்தியும் காப் நிறுத்தவில்லை. காப் மேல் எனக்கு மரியாதை உண்டு, அவர் பேட்டைப் பிடித்திருக்கும் வரை.

மே 16, வெள்ளி
டைகர்ஸ் ஆடிய லீக்கின் தலைவர் பான் ஜான்சன் அன்று மைதானத்திலேயே இருந்தார். காபுக்குக் காலவரையற்ற தடை போட்டுவிட்டார். டைகர்ஸில் பாதிப் பேருக்குக் காபைக் கண்டால் ஆகாது. ஆனாலும் அவர் திரும்பும்வரை ஆடமாட்டோம் என்று தந்தி கொடுத்தார்கள். கேலரியில் இருப்பவன் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஆடுகிறவனுக்குப் பாதுகாப்பு கிடையாதா என்பது அவர்கள் வாதம். அணி இறங்காவிட்டால் ஆட்டத்துக்கு 5,000 டாலர் அபராதம் என்று ஜான்சன் மிரட்டினார். டைகர்ஸ் மேனேஜர் ஹியூகி ஜென்னிங்ஸ், ஆட்டம் நடக்கவிருந்த பிலடெல்பியாவில் அகப்பட்டவர்களையெல்லாம் திரட்டினார். ஆள் போதாமல் வயதான கோச்சுகளும் இறங்கினார்கள்.

மே 18, ஞாயிறு
1912-இல் இந்தத் தேதி சனிக்கிழமை, பிலடெல்பியாவின் ஷைப் பார்க் மைதானம். டைகர்ஸுக்குப் பந்து வீசிய பிட்ச்சர் ஆலன் டிராவர்ஸ், வயது 20. செயின்ட் ஜோசப் கல்லூரி மாணவர் (நம் திருச்சிக் கல்லூரி போலவே இதுவும் இயேசு சபையாருடையது). கல்லூரி அணியிலேயே இடம் கிடைக்காமல் உதவி மேனேஜராக இருந்தவர். சும்மா ஆடினால் 25 டாலர், பந்து வீசினால் 50. சரி, வீசுகிறேன் என்று வந்துவிட்டார்.

எதிரே, முந்தைய இரண்டு ஆண்டும் உலகத் தொடரை வென்ற பிலடெல்பியா அத்லெடிக்ஸ் அணி. வேகமாக வீசினால் திரும்பி வரும் அடியில் பையன் செத்தே போவான் என்று ஜென்னிங்ஸுக்குப் பயம். அதனால் மெதுவாக வளைந்து வரும் பந்துகள்தான். 8 இன்னிங்ஸில் அவர் விட்டுக்கொடுத்தது 26 ஹிட் (வெற்றிகரமான அடி), 24 ரன். அதில் அவர் கணக்கில் எழுதியது 14. மிச்சம் பத்தும் பின்னால் நின்றவர்கள் கோட்டைவிட்டது. மாற்றுவதற்கு வேறு ஆள் ஏது? கடைசிவரை அவரேதான். முடிவு 24-2. ஒருவரை ஸ்டிரைக்அவுட் (பந்தை அடிக்கவிடாமலே அவுட்) வேறு செய்திருக்கிறார்! அப்படி அவுட்டான மகராசன் வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தாரோ.

மே 20, செவ்வாய்
டீக்கடையில் சங்கத் தோழரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். “ஸ்டிரைக் நடக்கும்போது உள்ளே போனவன் கருங்காலிதானே?” என்றார். மறுக்க முடியவில்லை. பிற்பாடு அந்தக் கருங்காலி பாதிரியாரானார், பள்ளிகளில் பாடம் எடுத்தார், 1968-இல் காலமானார். அப்புறம் ஒரு பந்துகூட மேஜர் லீக்கில் (அமெரிக்க பேஸ்பாலின் உச்ச மட்டம்) வீசவில்லை.

எனக்கு உறுத்துவது வேறு. காபே கேட்டுக்கொண்டதால் வீரர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். ஆளுக்கு 100 டாலர் அபராதம். காபுக்கு 10 நாள் தடை, 50 டாலர். கையில்லாதவரை அடித்தவருக்கு 50, அவருக்காக நின்றவர்களுக்கு 100. தோழரிடம் இதைச் சொன்னதும் கருங்காலியை விட்டுவிட்டு ஜான்சனைத் திட்ட ஆரம்பித்துவிட்டார்.