வரைவிலேயே இருக்கும் ஒரு பதிவு

அவன் கட்டுரையை வகுப்பு வலைப்பூவிலிருந்து எடுத்துவிட்டேன் என்றதும், "அப்ப நோட்டுலயே எழுதியிருப்பேனே, மிஸ்" என்றான். கோபமில்லை, அழுகையுமில்லை. எனக்குப் பதில் வரவில்லை. அட்டெண்டன்ஸ் எடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

கடலூர் தேவனாம்பட்டினத்துப் பையன், ஒன்பதாம் வகுப்பு. சுனாமிக்குப் பிறகு பிறந்தவன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் ஆயா எங்கே நின்றார், யார் கை நழுவிப் போனது என்று அவர் சொல்லக் கேட்டு எழுதியிருந்தான். வருஷா வருஷம் அந்த நாளில் ஊரே ஊர்வலமாகப் போய்க் கடலில் பால் ஊற்றும்போது ஆயா மட்டும் வாசலைத் தாண்டுவதில்லையாம். வகுப்பு வலைப்பூவில் அதுவரை வந்ததெல்லாம் மரம் வளர்ப்போம், நீரைச் சேமிப்போம்தான். நான் பிளாக்கர் என்ற வலைப்பூத் தளத்தைக் கற்றுக்கொண்டதே இப்படி ஒரு கட்டுரைக்காகத்தான் என்று அன்று தோன்றியது.

கம்ப்யூட்டர் லேபில் தட்டச்சு செய்ததும் அவனே. தமிழ்99 விசைப்பலகையில் 'க'வை இரண்டு தடவை தட்டினால் 'க்க' ஆகிவிடும். ந, த என்று தட்டினால் 'ந்த' வந்து நிற்கும், புள்ளி தானாக விழும். எனக்கு அது கைக்கு வரக் கோடை விடுமுறை முழுக்க ஆனது. அவன் சட்டென்று பிடித்துக்கொண்டான். வெளியிடும் பொத்தானை அவனையே அழுத்தச் சொன்னேன்.

அடுத்த வாரம் ஆயா பள்ளிக்கே வந்துவிட்டார். பேரன் போனில் படித்துக் காட்டியிருக்கிறான்.

"இத ஊரே படிக்குமாம்மா?"

"யார் வேணும்னாலும் படிக்கலாம் ஆயா."

"எம்புள்ள போனத நான் அவங்கிட்டதாம்மா சொன்னேன்."

அவ்வளவுதான். எடுக்கச் சொல்லவில்லை.

பிளாக்கரில் ஒரு பதிவை மட்டும் சிலருக்குக் காட்ட வழி கிடையாது. மொத்த வலைப்பூவையும் மூடிவிட்டு, மின்னஞ்சல் இருப்பவர்களை அழைக்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் பல பேர் வீட்டில் ஒரே போன், அதுவும் பகலில் அப்பாவோடு போய்விடும். ஒருவனுக்காக எல்லோர் எழுத்தையும் பூட்ட மனமில்லை. அந்தப் பதிவை மட்டும் வெளியே தெரியாதபடி வரைவாக மாற்றினேன்.

செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. அவன் அம்மாவோ பதிவைப் பார்த்துப் பூரித்துப்போனவர். ஆயாவைக் கேட்கச் சொல்லி அந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் துக்கம் அவருடையது.

அப்படியானால் எழுத்து யாருடையது? பெயரை எடுத்துவிட்டுப் போட்டிருக்கலாமே என்றார் சக ஆசிரியர். தேவனாம்பட்டினத்தில் அதைப் படிக்கிறவருக்கு எந்த வீடு என்று தெரியாதா? "நாலு பேர் படிப்பாங்க, பார்த்து எழுதுங்க" என்று சொல்லிச் சொல்லி எழுத வைத்தவள் நான். அதை நம்பித்தான் அவன் ஒவ்வொரு வரியையும் அடித்து அடித்துத் திருத்தினான். நாலு பேர் படிக்கிறார்கள் என்பதற்காக எடுத்தவளும் நான்தான்.

இப்போது ஒப்புதல் படிவத்தில், கட்டுரையில் வரும் வீட்டுப் பெரியவர் கையெழுத்துக்கும் இடம் விட்டிருக்கிறேன். பிள்ளைகள் ஒழுங்காக வாங்கி வருகிறார்கள். சில்வர் பீச், கெடிலம் ஆறு, ஆண்டு விழா என்று எழுதுகிறார்கள். வீட்டுக் கதை ஒன்றுகூட வரவில்லை. படிவத்தை எடுத்துவிடவும் துணிச்சல் இல்லை.

அவன் பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் ஆயாவை நேரில் பார்த்துக் கேட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். டீச்சர் வீடு தேடி வந்து கேட்டால் அவர் மறுக்க மாட்டார். அதனால்தான் போகாமல் இருக்கிறேன்.