துலூஸில் ஒரு பச்சை அட்டைக்காக

பிரான்ஸின் தெற்குப் பக்கம் வேலைக்குப் போகிறேன் என்றதும் வெயில், திராட்சைத் தோட்டம், மத்தியதரைக் கடல் என்று ஆளாளுக்கு அடுக்கினார்கள். பிறப்புச் சான்றிதழைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. விமானத் தொழிலை நம்பி துலூஸுக்கு வரும் நம்மவர்கள் இருக்கிறார்கள் என்பதால் அந்தக் கதையை எழுதுகிறேன்.

இங்கே மருத்துவக் காப்பீட்டுக்கு 'கார்த் விட்டால்' என்று ஒரு பச்சை அட்டை உண்டு. 1945இல் தொடங்கிய சமூகப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் வருவது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே காப்பீடு உண்டு, சம்பளத்தில் பிடித்தமும் உண்டு. ஆனால் அட்டை கைக்கு வர நிரந்தரச் சமூகப் பாதுகாப்பு எண் வேண்டும். எண்ணுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதில் பெற்றோர் பெயர் இருந்தே ஆக வேண்டும்.

நான் பிறந்தது கும்பகோணத்தில். என் பிறப்பைப் பதிந்தவர்கள் 'ஆண்' என்று எழுதியதோடு நிறுத்திக்கொண்டார்கள். பெயர்க் கட்டம் காலி. நம் ஊரில் பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிவு செய்துவிடுவது வழக்கம், பிறகு யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. அப்பா என் பள்ளிச் சான்றிதழ்களைப் பையில் போட்டுக்கொண்டு பதிவு அலுவலகத்துக்கு அலைந்து பெயரைச் சேர்த்து வாங்கினார். பிறகு சென்னையில் மாநில அரசின் சான்றொப்பம், அதன்மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை, அதாவது ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் முத்திரை. 2005 முதல் இந்தியாவும் அப்போஸ்டிலுக்கான சர்வதேச ஒப்பந்தத்தில் இருப்பதால் தூதரக முத்திரைக்கு அலைய வேண்டியதில்லை. காப்பீட்டுக்கு இந்த முத்திரையை எல்லா இடத்திலும் கேட்பார்களா என்பது வேறு விஷயம். ஊரில் இருக்கும்போதே வாங்கிவிடுங்கள் என்பேன். இங்கிருந்துகொண்டு வாங்குவது பெரும்பாடு.

அடுத்தது மொழிபெயர்ப்பு. நமக்கு நாமே செய்துகொள்ள முடியாது. மேல்முறையீட்டு நீதிமன்றம் வெளியிடும் பட்டியலில் உள்ள, உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளர்தான் செய்து முத்திரை குத்த வேண்டும். நான் தேடத் தொடங்கியது ஆகஸ்டில். ஆகஸ்டில் பிரான்ஸில் எதையும் தேடக் கூடாது. ரொட்டிக் கடைக்காரர்கூடக் கதவில் ஒரு சீட்டை ஒட்டிவிட்டுக் கடலுக்குப் போய்விடுகிறார்.

எல்லாவற்றையும் சேர்த்துக் காப்பீட்டு அலுவலகத்துக்கு அனுப்பினேன். தற்காலிக எண் வந்தது. அதற்குப் பின்னால் வந்த கடிதத்தில்தான் உண்மையான சிக்கல் இருந்தது. பாஸ்போர்ட்டில் என் பெயரும், குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயரும் இருக்கின்றன. சான்றிதழின் பெயர்க் கட்டத்தில் என் பெயர் மட்டும். அவர்கள் கண்ணுக்கு இரண்டு பேரும் வேறு வேறு ஆட்கள். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. இங்கே குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். காவிரிக்கரையை விட்டு அதிகம் நகராத என் அப்பாவின் பெயர், "மொஸ்யே சுப்ரமணியன்!" என்று துலூஸின் காத்திருப்பு அறைகளில் எல்லாம் ஒலித்துக்கொண்டிருக்கிறது.

கடிதம் எழுதிப் பயனில்லை என்று நேரில் போனேன். பன்னிரண்டு மணிக்குச் சாத்தினால் இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள் என்பதால் காலையிலேயே. கவுண்டரில் இருப்பவருக்கு முதலில் 'போன்ஜூர்' சொல்லிவிட்டு, அவர் பதில் வணக்கம் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். நேராக விஷயத்துக்குப் போனால் அன்றைக்கு வேலை நடந்தாற்போலத்தான். தெற்கத்திக்காரர்களின் பிரெஞ்சில் ஒரு வசதி இருக்கிறது. பாரிஸில் விழுங்கிவிடும் கடைசி ஒலிகளை இவர்கள் முழுதாக உச்சரிக்கிறார்கள். நம் காதுக்குப் பிடிபடுகிறது.

கவுண்டரில் இருந்த அம்மாள் சான்றிதழில் தந்தை பெயர் இருந்த வரியில் விரலை வைத்தார். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயரின்மேல் இன்னொரு விரல். நான் ஒரு தாளை வாங்கித் தாத்தா, அப்பா, நான் என்று மூன்று கட்டம் போட்டு, ஒவ்வொருவர் பெயரும் அடுத்த தலைமுறைக்குப் பின்னொட்டாக இறங்குவதை அம்புக்குறி போட்டுக் காட்டினேன்.

"அப்படியென்றால் உங்கள் பிள்ளைக்கு உங்கள் பெயரா?"

"ஆமாம்."

"உங்கள் அப்பாவின் பெயர்?"

"என்னோடு சரி."

சிரித்துவிட்டார். அந்தப் படத்தையே விளக்கக் கடிதத்தோடு இணைக்கச் சொன்னார். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று இந்தியத் தூதரகத்தின் சான்றும் இருந்தால் நல்லது என்றார். 2025 பிப்ரவரியில் மார்செயில் இந்தியத் துணைத் தூதரகம் திறந்தது எங்களுக்கெல்லாம் பெரிய நிம்மதி. அதற்கு முன் எதற்கெடுத்தாலும் பாரிஸ்தான். மார்செய் துலூஸிலிருந்து ரயிலில் சுமார் நான்கு மணி நேரம். போன வேலை முடிந்ததும் அங்குள்ள மசார்க் போர்க் கல்லறைக்குப் போனேன். 1914இல் மார்செயில் வந்திறங்கிய இந்தியச் சிப்பாய்களின் நினைவிடமும் அங்கே இருக்கிறது. அவர்களிடம் யார் பிறப்புச் சான்றிதழ் கேட்டிருப்பார்கள் என்று தோன்றியது.

ஆவணங்களை ஒப்புகைச் சீட்டுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். வீட்டுத் தபால் பெட்டியில் உங்கள் பெயரை, அதாவது அப்பாவின் பெயரையும் சேர்த்து, ஒட்டுங்கள். அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் கதவு எண் எழுதும் வழக்கம் இங்கே அவ்வளவாக இல்லை. பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடுவார்.

காத்திருந்த மாதங்களில் வைத்தியம் நிற்கவில்லை. அதைச் சொல்லாமல் புலம்பினால் நியாயமாக இருக்காது. மருத்துவரிடம் பணம் கொடுத்துப் பழுப்பு நிறப் படிவம் ஒன்றை வாங்கி, கையெழுத்திட்டு, நகல் எடுத்து வைத்துக்கொண்டு தபாலில் போட்டேன். பணம் ஆடி அசைந்து வந்தது, ஆனால் வந்துவிட்டது.

பிறகு நிரந்தர எண் வந்தது. அதைப் படிப்பதே ஒரு சுவாரஸ்யம். முதல் இலக்கம் 1 என்றால் ஆண், 2 என்றால் பெண். அடுத்துப் பிறந்த ஆண்டு, மாதம். 99 என்றால் வெளிநாட்டில் பிறந்தவர். 223 என்றால் இந்தியா. கடைசியில் வரிசை எண். இந்தப் பதின்மூன்றுக்கும் பின்னால் சரிபார்ப்புக்கு இரண்டு இலக்கம். கும்பகோணம் நகராட்சி காலியாக விட்ட கட்டத்துக்கு இங்கே இத்தனை இலக்கம்!

அட்டை வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி: குடும்ப மருத்துவர் ஒருவரை முறைப்படி அறிவிக்க வேண்டும். மருத்துவர் கட்டணம் 30 யூரோ. அறிவித்திருந்தால் 70 சதவீதத்தில் 2 யூரோ கழித்து 19 யூரோ திரும்பும். அறிவிக்காவிட்டால் 30 சதவீதக் கணக்குதான். அறிவித்திருந்தால், அந்த 2 யூரோ போக மீதியை நிறுவனம் சேர்த்துவிடும் துணைக் காப்பீடு பார்த்துக்கொள்கிறது. எங்கள் பகுதியில் பல மருத்துவர்கள் புது நோயாளிகளை எடுப்பதில்லை. மெட்ரோவில் சில நிறுத்தம் தள்ளி, புதிதாகத் தொழில் தொடங்கிய இளம் மருத்துவர் ஒருவர் கிடைத்தார். அந்த மெட்ரோவில் நிறுத்தங்களின் பெயரை பிரெஞ்சோடு இந்தப் பகுதியின் பழைய மொழியான ஒக்சித்தானிலும் அறிவிக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

இப்போது என் மனைவியின் விண்ணப்பம் தொடங்கியிருக்கிறது. அவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலி.