புளியரை ஏற்றமும் என் இடது காலும்

ஜூலை மாதம் எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் உரிமம் கைக்கு வந்த அன்றே, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் வண்டி நாளுக்கு எத்தனை முறை ஆஃப் ஆகிறது என்று குறித்துவரத் தொடங்கினேன். முதல் நாள் கணக்கு பதினான்கு. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை மலைக்கு அந்தப் பக்கம், இன்றைய கேரளத்து ஆட்சியில் இருந்த ஊர் என்பதால், எங்கள் வீடுகள் பலவற்றில் பாதி உறவு இன்னும் அங்கேதான் இருக்கிறது; என் அம்மாவும் ஆரியங்காவில்தான் இருக்கிறார். நாற்பத்து மூன்று வயதில் நான் கார் ஓட்டக் கற்க முன்வந்ததற்கு, புளியரை மலைப்பாதையில் ஏறி, மாநில எல்லையான கோட்டைவாசலைக் கடந்து, என் கையாலேயே வண்டியோட்டி அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

பயிற்சிப் பள்ளியில் இருபது நாள் ஓட்டினேன். ஆறாவது நாளில் ஒன்பதாக இருந்த கணக்கு, பதினைந்தாவது நாளில் ஒன்றாகக் குறைந்ததும் தென்காசிச் சாலையில் எனக்குச் சற்றுத் தலைக்கனமே வந்துவிட்டது. மாஸ்டரும் "பயம் தெளிஞ்சிட்டு டீச்சர்" என்றார். பதினெட்டாவது நாள் அவருடைய செருப்பு அறுந்துபோக, அதைக் கழற்றிவைக்கக் காலைத் தூக்கினார். அதே நொடியில் வண்டி உதறி நின்றது. அப்போதுதான் அவர் பக்கம் குனிந்து பார்த்தேன். பயிற்சி வண்டியில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு கிளட்சும் ஒரு பிரேக்கும் இருக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் நான் நன்றாக ஓட்டியதாக நம்பிய நாட்களில் எத்தனை முறை அவர் கால் எனக்காக வேலை செய்தது என்பது நோட்டில் இல்லை. அன்று இரவு, அதுவரை எழுதியிருந்த எண்கள் அனைத்தின் குறுக்கேயும் கோடு போட்டேன். அவர்மீது எனக்குக் கோபம் இல்லை. நடுச்சாலையில் பள்ளியின் வண்டியைக் காப்பது அவர் பாடு.

செப்டம்பரில் ஓட்டுநர் தேர்வில் தேறினேன். அதைப்பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சமதளத்தில் நடந்தது, உரிமமும் வந்தது, பயம் மட்டும் வந்த இடத்திலேயே இருந்தது.

உண்மையான பயிற்சி அதற்குப் பிறகு எங்கள் பழைய காரில் தொடங்கியது. பக்கத்து வீட்டு அண்ணாச்சி முப்பது ஆண்டுகள் கொல்லத்துக்கு லாரி ஓட்டியவர். எனக்கு எதில் பயம் என்று அவர் கேட்டபோது, சாலையில் என்றுதான் சொன்னேன். இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "ரோட்டப் பாத்து ஒங்களுக்குப் பயமே இல்ல டீச்சர், பின்னால வாரவன் என்ன நினைப்பானோன்னுதான் பயம்" என்றார். அது சரிதான். ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால், ஹாரன் கேட்டவுடன் இடது கால் தானாகக் கிளட்சை விட்டுவிடும். வண்டி ஆஃப் ஆகும், அல்லது பின்னால் உருளும்.

குண்டாறு அணைக்குப் போகும் சாலையில், ஆள் நடமாட்டம் குறைந்த காலை ஆறு மணிக்கு, ஒரு சரிவில் வண்டியை நிறுத்திவைத்து அதே ஒன்றை மட்டும் பதினோரு நாள் செய்தோம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியர் போட்டு, ஆக்சிலேட்டரைச் சிறிது கொடுத்தபடி கிளட்சை மெதுவாக விட வேண்டும். கிளட்ச் தட்டு எஞ்சினின் சக்கரத்தைத் தொட்டுப் பிடிக்கும் இடத்தில் எஞ்சினின் ஒலி கனத்து இறங்குகிறது, பானட் ஒரு விரற்கடை நிமிர்கிறது. அங்கே காலை அசையாமல் நிறுத்திவிட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்கினால், வண்டி பின்னால் போவதில்லை. இதைப் படித்து அறிந்திருந்தேன். அந்த ஒலியைக் காது தானாகக் கண்டுகொள்ள ஏழு நாள் ஆயிற்று. நான்காவது நாள் அரைக் கிளட்சிலேயே நெடுநேரம் நின்றதில் கருகிய வாடை கிளம்பியது. அண்ணாச்சி ஒன்றும் பேசாமல் கண்ணாடியை இறக்கினார். எட்டாவது நாள் என் கணவரை இன்னொரு வண்டியில் பின்னால் நிற்கச் சொல்லி, வேண்டுமென்றே ஹாரன் அடிக்க வைத்தார். கணவருக்கு அந்த வேலை சற்று அதிகமாகவே பிடித்திருந்தது என்பது என் கணிப்பு. "அடிக்கிறவன் பிரேக்குல கால வச்சிக்கிட்டுதான் அடிக்கான், நீங்க ஒங்க வண்டியப் பாருங்க" என்று அண்ணாச்சி அன்று சொன்னது என் காதில் நின்றுவிட்டது.

சபரிமலைக்குச் செல்லும் வண்டிகளின் நெரிசல் மகரவிளக்கு முடிந்து தணியட்டும் என்று காத்திருந்து, ஜனவரி கடைசி ஞாயிறன்று புறப்பட்டேன். கணவர் பக்கத்தில் இருந்தார். புளியரையைத் தாண்டி எஸ் வளைவுக்கு வந்தபோது, முன்னால் ஏறிக்கொண்டிருந்த ஜல்லி லாரி நின்றுவிட, நானும் நின்றேன். எனக்குப் பின்னால் ஒரு கேரளப் பேருந்து வந்து நின்றது. குறுகலான ஏற்றத்தில், இறங்கி வருபவர் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. ஆனால் அன்று மேலிருந்து வந்த இரண்டு கார்கள் அதை மதிக்காமல் நுழைந்ததால் அந்தச் சரிவில் சில நிமிடங்கள் நிற்க வேண்டியதாயிற்று. உள்ளங்கை வேர்த்தது. லாரி நகர்ந்ததும் பேருந்து ஹாரன் அடித்தது, என் கால் பதறியது, வண்டி ஆஃப் ஆயிற்று. ஆனால் ஹேண்ட் பிரேக் மேலே இருந்ததால் வண்டி உருளவில்லை. சாவியைத் திருப்பி, ஒலி இறங்கும்வரை காத்திருந்தேன். அதற்குள் பேருந்து இன்னும் இரண்டு முறை ஹாரன் அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பானட் நிமிர்ந்த பிறகுதான் பிரேக்கை இறக்கினேன்.

கோட்டைவாசலுக்கு அப்பால் சற்று அகலமான இடத்தில் ஒதுங்கி வழிவிட்டபோது, கடந்து சென்ற அந்தப் பேருந்தின் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டி, "சேச்சி, பதுக்கெ மதி" என்றார்; அக்கா, மெதுவாகப் போனால் போதும் என்று. கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

அம்மா வாசலுக்கு வந்து, ஓட்டுநர் இருக்கையில் இருந்து நான் இறங்கியதைப் பார்த்துவிட்டு, முதலில் கேட்டது மருமகனுக்கு உடம்புக்கு என்ன என்பதுதான். திரும்பும்போது இறக்கம் முழுவதும் இரண்டாவது கியரிலேயே, எஞ்சினின் பிடியில் வண்டியை இறக்கினேன். பிரேக்கை ஓயாமல் அழுத்தினால் அது சூடாகிப் பிடி தளரும் என்று அண்ணாச்சி எச்சரித்திருந்தார். அன்றைய கணக்கு இரண்டு: எஸ் வளைவில் ஒன்று, எங்கள் வீட்டு வாசலில், அண்ணாச்சி பார்த்துக்கொண்டிருக்கும்போது, இன்னொன்று.