ஒகேனக்கல்: ஆறு கோட்டில், சாரல் புள்ளியில்

நிறப்புள்ளிகளை நெருக்கி வைத்துக் கண்ணையே கலக்க விடுவது பாயிண்டிலிசம். அசையாத கோட்டை அசைவதாகக் காட்டுவது ஆப் ஆர்ட். இரண்டையும் ஒரே படத்தில் சேர்க்க, தர்மபுரிப் பக்கத்தில் ஒகேனக்கல்லைவிடப் பொருத்தமான காட்சி கிடையாது. பெயரிலேயே புகை இருக்கிறது. கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை. புகைபோல எழும் சாரலுக்குப் புள்ளி, பரிசல் ஓடும் ஆற்றுக்குக் கோடு. இந்த இரண்டு பாணிகளும் உறவுக்காரர்கள்தான். ஆப் ஆர்ட்டில் பேர்பெற்ற பிரிட்ஜெட் ரைலி, 1959-இல் ஜார்ஜ் சூராவின் புள்ளி ஓவியம் ஒன்றை நகல் எடுத்துப் பழகியவர்.

முதலில் தூரத்தை முடிவு செய்யுங்கள். 1 மி.மீ. புள்ளிகள் ஏறக்குறைய 3.5 மீட்டர் தள்ளி நின்றால் ஒன்றாகக் கலக்கும். காது குடையும் பஞ்சுக்குச்சியால் வைக்கும் 3 மி.மீ. புள்ளிக்கு 10 மீட்டர் வேண்டும். வீட்டு ஹாலில் அது கடைசிவரை புள்ளியாகவே நிற்கும். அதனால் 0.7 மி.மீ. நுனி அக்ரிலிக் மார்க்கர் வாங்குங்கள். தாள் ஏ3 அளவு, 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம்.

ஆற்றைக் கீழிருந்து தொடங்குங்கள். முதல் அலைக்கோடு 10 மி.மீ. 3.5 மீட்டரில் கண்ணை அதிகம் கூசச் செய்வது ஏறக்குறைய இந்த அகலம்தான். அடுத்தடுத்த கோடு முந்தையதில் ஐந்தில் நான்கு பங்கு: 8, 6.4, 5.1 என்று எட்டாவது கோட்டில் 2 மி.மீ.க்கு வந்துவிடும். இடைவெளியும் அதே கணக்கு. எல்லாக் கோடும் ஒரே அகலமாக இருந்தால் ஆறு ஓடாது, பாய் விரித்த மாதிரி கிடக்கும்.

பலர் தவறுவது கோடும் புள்ளியும் சேரும் இணைப்பில்தான். கன்னங்கரேல் கோட்டுக்குப் பக்கத்தில் வெளிர் புள்ளி வைத்தால் சாரல் காணாமல் போகும். கண் பெரிய வேறுபாட்டைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் கறுப்பைக் கீழ் மூன்று கோடுகளோடு நிறுத்துங்கள். பிறகு கருநீலம், மேலே சாம்பல் நீலம். கடைசி இரண்டு கோடுகளை அங்கங்கே அறுத்து, துண்டுகளைக் குறுக்கிக்கொண்டே போனால் அவையே புள்ளியாகிவிடும். எங்கே கோடு முடிந்தது என்று விரல் வைத்துக் காட்ட முடியாதபடி இருக்க வேண்டும்.

சாரலுக்கு வெளிர் நீலம், இளஞ்சிவப்பு, கொஞ்சம் ஆரஞ்சு. மீதி தாளின் வெள்ளை. சதுர சென்டிமீட்டருக்கு 40 புள்ளி வீதம் 10 × 15 செ.மீ. இடத்துக்கு 6,000 புள்ளி ஆகும். ஒரே மூச்சில் வைக்காதீர்கள்; கை அசந்தால் புள்ளிகள் வரிசை கட்டிவிடும், கண் உடனே அதைக் கண்டுபிடிக்கும். கரை மரங்களுக்கு நீலமும் மஞ்சளும் வைத்துப் பச்சையை எதிர்பார்க்க வேண்டாம். தட்டில் கலந்தால்தான் பச்சை. புள்ளியாகக் கண்ணில் கலந்தால் சாம்பல். பச்சைப் புள்ளியே வைத்து, இடையில் மஞ்சளைத் தூவுங்கள்.

பாறைகள் ஒரே தட்டை நிறமாக இருக்கட்டும். கண்ணுக்கு இளைப்பாற இடம் வேண்டும். ஒற்றைத் தலைவலியோ வலிப்போ உள்ளவர்கள் இருக்கும் வீடானால், இந்தக் கோடுகளை எதிர்ச்சுவரில் மாட்டாதீர்கள்.